படகு ஏறமுதல் இறக்கியது

மூதூர்ப் படகு திருகோணமலை இறங்குதுறையில் வந்து நின்றது. எனக்கு முன்னால் இறங்கிய இளம்பெண் கைபேசியில், "எல்லாற்ற வேலையையும் அழிச்சுப் போட்டாங்களா?" என்றாள்.

கூட வந்த தகப்பன் திகைத்தார். "என்ன மகள்?"

"நாங்க எல்லாரும் எழுதுற கம்பியூட்டர் புரோகிராமைச் சேர்த்து வைக்கிற இடத்தில, கொழும்பில ஒருத்தர் பழசைப் புதுசுக்கு மேல ஏத்திட்டார், வாப்பா. ஒரு கிழமை வேலை போயிட்டுதாம்."

"இனி எடுக்க ஏலாதா?"

"என்ட லப்டொப்ல இரிக்கி. படகில சிக்னல் இல்லையெண்டு ஏறமுதல் எல்லாத்தையும் இறக்கி வைக்கிறனான். அதுக்குத்தான் கொழும்பு ஒபிஸ்ல இரிக்கிறவங்க என்னைப் பகிடி பண்றவங்க."

துறையிலேயே குந்தி லப்டொப்பைத் திறந்து, இறக்கி வைத்திருந்ததைத் திரும்ப ஏற்றினாள். கொஞ்ச நேரத்தில் அழைப்பு வந்தது.

"ஓம் சேர், எல்லாம் திரும்ப வந்திட்டு. மூதூரிலருந்து வந்தது எண்டு அவங்களுக்குச் சொல்லுங்க."

தகப்பன் அவளுடைய பையைத் தன் தோளில் மாட்டினார். நான் ஒன்றும் கேட்காமலே என் பக்கம் திரும்பி, "என்ட மகள்" என்றார்.