கட்டம் போட்ட தாள்

வரைபடம் போடுகிறவன் தாளின் மூலையிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. நடுவிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். கோட்டை எந்தப் பக்கம் நீளும் என்பது உள்ளே போகும்வரை யாருக்கும் தெரியாது. இதைச் சொல்லிக் கொடுக்க எனக்கு ஆள் இல்லை. நிறையத் தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டு நானே தெரிந்துகொண்டேன்.

நேற்று நடந்ததை என் கையால் எழுதித் தரச் சொன்னீர்கள், வேதாச்சலம் சார். தெலுங்கு சரளமாகப் பேசுவேன், எழுத உட்கார்ந்தால்தான் தகராறு. நீங்கள் புத்தூர்க்காரர், தமிழ் படிப்பீர்கள் என்று தமிழிலேயே எழுதுகிறேன். எஸ்.ஐ. என்றால் அதட்டுவார் என்று நினைத்திருந்தேன். நீங்கள் டீ வாங்கிக் கொடுத்து ஆறுதல் சொன்னீர்கள். அதற்கு நன்றி. ஆனால் உங்கள் ரைட்டர் எழுதிப் படித்துக் காட்டிய அறிக்கையில் ஒரு வரி சரியில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் யஸ்வந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு அந்த விளையாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கம்ப்யூட்டர் விளையாட்டு என்றதும் உங்கள் கான்ஸ்டபிள் சிரித்தார். அவர் நினைப்பது இப்போது பசங்கள் விளையாடுகிற, துப்பாக்கியால் சுட்டுத் தள்ளுகிற விளையாட்டு. அதெல்லாம் விரலுக்கு மட்டும் வேலை. நான் சொல்வது பழைய காலத்து விளையாட்டு. ஆறு பேரை நாமே உண்டாக்க வேண்டும். வீரன், திருடன், மந்திரவாதி, காயத்தை ஆற்றுகிற பூசாரி என்று ஆளுக்கொரு தொழில், ஆளுக்கொரு பெயர். ஊரில் ஒரு சத்திரம் இருக்கும். அங்கிருந்து அவர்களைச் சேர்த்துக்கொண்டு பூமிக்கடியில் இருக்கும் கோட்டைக்குள் இறங்க வேண்டும். திரையில் தெரிவது முன்னால் இருக்கும் சுவர் மட்டும்தான். எல்லாச் சுவரும் ஒன்றுபோல இருக்கும். ஒரு கட்டத்தில் கால் வைத்தால் குழி, இன்னொரு கட்டம் நமக்கே தெரியாமல் நம்மைத் திருப்பி விட்டுவிடும். வந்த வழியை விளையாட்டு நினைவில் வைத்துக்கொள்ளாது. நாம்தான் வைத்துக்கொள்ள வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் ஃபிளாப்பியில் நகல் எடுத்து வந்தேன். வழிகாட்டிப் புத்தகம் எதுவும் கூட வரவில்லை. அப்படி வந்ததால்தான் அதன்மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.

நகரிப் பக்கத்து ஊர் எனக்கு. நைனா கரும்பு போடுவார். நான் திருப்பதிக்கு வந்து ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் லேப் அசிஸ்டென்ட்டாகச் சேர்ந்தேன். அப்போது தெருவுக்கு இரண்டு சென்டர் முளைத்துக்கொண்டிருந்தது. படிக்க வந்தவன் யஸ்வந்த். எல்லோரும் பாடத்தை முடித்துவிட்டு ஓடுவார்கள், இவன் மட்டும் என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு ஆரம்பித்தது. பிறகு திருச்சானூரில் ஒரே அறையில் தங்கினோம். அவன் அப்பா மாந்தோப்பைக் குத்தகைக்கு விட்டு அவனுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார். அதன் எதிரில் இரண்டு நாற்காலி போட்டோம்.

விசைப்பலகை அவனுடையது, பென்சில் என்னுடையது. அவன் திரையைப் பார்ப்பான், நான் தாளைப் பார்ப்பேன். ஒவ்வொரு கட்டத்திலும் தலையைத் திருப்பாமல் கேட்பான்.

“கிளியரா மச்சான்?”

“கிளியரு. போ.”

நான் சொன்ன பிறகு அவன் யோசித்ததே இல்லை. விரல் தானாக அழுத்தும். அது பழக்கம் என்று நீங்கள் சொல்லலாம். நம்பிக்கை என்று நான் சொல்வேன். பெற்ற அம்மாவே என்னிடம் உப்பு சரியா என்று கேட்டுவிட்டு இன்னொரு தரம் நாக்கில் வைத்துப் பார்ப்பாள். இவன் பார்க்க மாட்டான். அத்தனை வருடத்தில் என் வாயால் அவன் ஒரு குழியில்கூட விழுந்ததில்லை.

பிறகு யாமினி வந்தாள். அவனுடைய மாமன் மகள். திருப்பதியில்தான் காலேஜ் படித்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் டிபன் கேரியரோடு வந்துவிடுவாள். நல்ல பெண். எனக்கும் சேர்த்தே கொண்டு வருவாள், “துன்னுட்டு ஆடுங்கண்ணா, ஆறிப்போவுது” என்பாள். நான் சாப்பிட எழுந்தால் என் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாள். ஒரு நாள் பென்சிலையும் எடுத்துக்கொண்டாள்.

அவள் மூலையிலிருந்து ஆரம்பித்தாள், சார். தாள் தீர்ந்ததும் இன்னொரு தாளைப் பசை வைத்து ஒட்டினாள். சுவருக்கு ஒரு கலர், கதவுக்கு ஒரு கலர் என்று ஸ்கெட்ச் பேனாவில் பூ வரைகிற மாதிரி வரைந்தாள். கிளியர் என்று அவள் சொல்வாள், அவன் போவான், ஆறு பேரும் குழியில் விழுவார்கள். விழுந்ததும் இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நான் சுவரோரம் தட்டை வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நான் சரியாகச் சொன்னதற்காக அவன் ஒரு நாளும் அப்படிச் சிரித்ததில்லை.

பொறாமையா என்று கேட்பீர்கள். பொறாமைதான். ஆனால் எதன்மேல் என்பதைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுவிடும் என்று பயந்து அமெரிக்காக்காரன் ஆள் எடுத்துக்கொண்டிருந்தான். யஸ்வந்துக்கும் வேலை கிடைத்தது, விசாவும் வந்தது, யாமினியோடு நிச்சயமும் ஆனது. இதில் எதுவும் எனக்கு உறுத்தவில்லை. எங்கே போனாலும் அவன் திரும்பி வருவான், பாதியில் நிற்கிற கோட்டையை நாங்கள் முடிப்போம் என்றுதான் இருந்தேன். எனக்கு எரிந்தது அந்த நாற்காலி மட்டும்தான்.

கரும்பு வெட்டுக்கு ஆள் இல்லை என்று நைனா கூப்பிட்டார். கொஞ்ச நாள் ஊரில் இருந்துவிட்டுத் திரும்பினேன். அறையில் அவன் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து இழுத்துப்போய்த் திரையைக் காட்டினான். கோட்டை முடிந்திருந்தது. கடைசி ராட்சசன் செத்து, அரசன் பாராட்டி, வென்றவர்கள் பெயர் ஆறும் வரிசையாக நின்றது. எங்கள் பூசாரிக்கு நாங்கள் வைத்த பெயர் கோவர், என்னுடைய கோவர்த்தனனில் பாதி. அந்தப் பெயர் அங்கே இல்லை. அந்த இடத்தில் யாமி என்று இருந்தது.

“நீ ஊருக்குப் போய்ட்டியே மச்சான். அதான் ஒன்ன சத்திரத்துல உட்டுட்டு அவள சேத்துக்கினோம். நீ வந்ததும் மாத்திக்கலாம்னுதான் இருந்தோம், அதுக்குள்ள முடிஞ்சிப்போச்சி.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் சிரித்தேன். அவன் வெளியே போன பிறகு சத்திரத்தைத் திறந்து பார்த்தேன். கோவர் அங்கேதான் இருந்தான். காயம் எதுவும் இல்லை, கையில் ஆயுதமும் இல்லை. அவன் வைத்திருந்த எல்லாவற்றையும் கழற்றி யாமிக்குப் போட்டிருந்தார்கள். விளையாடுகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள், நானும் மற்றவர்களுக்குச் செய்திருக்கிறேன். இருந்தாலும் நெஞ்சு எரிந்தது. அந்த எரிச்சல் இரண்டு வாரம் ஆகியும் அடங்கவில்லை.

வேலைக்குப் போகுமுன் அவன் திருமலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தான். இன்னும் ஏதாவது கோயில் பாக்கி இருக்கிறதா என்று யாமினியின் அம்மா கேட்டார்கள். நாகலாபுரம் வேதநாராயணசாமியைச் சொன்னது நான். கடல் தாண்டிப் போகிறவன், மீனாக வந்த பெருமாளைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்றேன். எல்லோருக்கும் அது பொருத்தமாகப் பட்டது. பக்கத்துக் காட்டோடையில் குளிக்க நல்ல மடு இருக்கிறதாம் என்று சொன்னதும் நான்தான்.

யாமினியும் அவள் அம்மாவும் கோயில் மண்டபத்திலேயே தங்கிக்கொண்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஆட்டோவில் போய், ஓடையை ஒட்டி நடந்தோம். வழியெல்லாம் அவன் அமெரிக்காவில் கிடைக்கப்போகும் புது விளையாட்டுகளைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தான். அவற்றில் வரைபடம் கூடவே வருமாம், யாரும் வரைய வேண்டியதில்லையாம். பாவம், நல்ல செய்தி என்று நினைத்துத்தான் சொன்னான். மடுவில் தண்ணீர் கறுப்பாக இருந்தது, மேலெல்லாம் இலை. அவனுக்கு நீச்சல் தெரியாது. டவுனில் குழாயடியில் குளித்து வளர்ந்தவன். ஓரத்தில் முழங்காலளவுத் தண்ணீரில் ஒரு பாறைமேல் நின்றுகொண்டு, பழைய வழக்கப்படி தலையைத் திருப்பாமல் கேட்டான்.

“கிளியரா மச்சான்?”

எவ்வளவு நாளாயிற்று அவன் என்னிடம் அப்படிக் கேட்டு. எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. யாமினி வந்த பிறகு நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நேரம் அது ஒன்றுதான்.

“கிளியரு. நேரா போ” என்றேன்.

போனான். யோசிக்கவே இல்லை. சந்தனம் பூசிய மொட்டைத் தலை ஒரு தடவை மேலே வந்தது, இன்னொரு தடவை வந்தது. என் பக்கம் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. வரைபடத்தில் ஏதோ தப்பு, இப்போது சரி பண்ணிவிடுவான் என்கிற மாதிரிதான் பார்த்தான். விளையாட்டில் குழிக்குள் விழுந்தால் திரை கொஞ்ச நேரம் இருட்டாகி, பிறகு தெளியும். அப்படித் தெளியட்டும் என்று நின்றேன். ஆடு மேய்க்கிறவர்கள் ஓடி வந்தபோது நான் தண்ணீருக்குள்தான் இருந்தேன். என் சட்டை நனைந்திருந்ததை நீங்களும் பார்த்தீர்கள். எனக்கு நீச்சல் வருமா என்று நீங்கள் கேட்கவில்லை. நான் எங்கள் ஊர்க் கிணறுகளில் குதித்து வளர்ந்தவன்.

ஸ்டேஷனில் யாமினி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நீங்கள் என் முதுகைத் தட்டி, “உடுப்பா, எடம் தெரியாத பசங்க, நீ இன்னா பண்ணுவ” என்றீர்கள். ரைட்டரும் அப்படியே எழுதினார். ‘ஆழம் தெரியாத இடத்தில் இருவரும் இறங்கியதால்’ என்று. அந்த வரியைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நான் தனியாக அந்த மடுவுக்கு வந்திருந்தேன், சார். நீளமாக ஒரு மூங்கிலைக் கொண்டுவந்து, நீந்திப் போய், அடி அடியாக ஊன்றிப் பார்த்தேன். பாறை எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே ஆரம்பிக்கிறது என்று எல்லாவற்றையும் கரையில் உட்கார்ந்து வரைந்தேன். தாளின் நடுவிலிருந்துதான் ஆரம்பித்தேன். திருச்சானூர் அறையில் என் நாற்காலியின்மேல் அது இருக்கிறது, ஆள் அனுப்பினால் எடுத்துக்கொள்ளலாம். மற்றபடி என்மேல் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள். தெரியாத இடத்துக்கு நான் அவனை ஒரு நாளும் அனுப்பியதில்லை.