பதிவு எழுதாத போர்டு

அது வேணாம்ண்ணே, உள்ள வச்சிடுங்க. நல்ல கன்ட்ரோல் போர்டுதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா அது சின்ன ட்ரோனுக்கு. உள்ளங்கை அளவுல ஒண்ண வச்சிக்கிட்டு வேலிக்கும் மரத்துக்கும் நடுவுல சர்ருன்னு விடுறாங்க பாருங்க, அவங்களுக்கு அது போதும். எங்க ட்ரோனுக்கு ஆறு கை. விரிச்சு வச்சா சாப்பாட்டு மேசைய அடைச்சிடும். பேட்டரியோட ஏழு கிலோ. அது ஒருத்தன் தலையில விழுந்தா, எந்திரிச்சு வந்து நம்மளத் திட்டக்கூட ஆள் இருக்காது.

ஆமா, அந்தக் கறுப்புப் பெட்டி. அதத்தான் எடுங்க. கொஞ்சம் சீக்கிரமா எடுங்கண்ணே. அவசரமெல்லாம் ஒண்ணுமில்ல. எங்க வீட்டம்மா வெளிய கார்ல உக்காந்து போன் பேசிட்டிருக்கா, அந்த வெள்ளக் கார். அவ உள்ள வர்றதுக்குள்ள இதுதான்னு முடிவு பண்ணிட்டா எனக்கு நிம்மதி.

சேச்சே, அவளுக்குத் தெரியாம இல்ல. புதுசு வாங்குவோம்னு சொன்னதே அவதான். ஓட்டுறதும் அவதான். நான் வெறும் கொல்லன். ஸ்க்ரூ முடுக்குறது, ஒயர் ஒட்டுறது, பேட்டரி தூக்கிட்டுப் பின்னாடி போறது, அவ்வளவுதான் என் உத்தியோகம். மைதானத்துல அவளுக்குப் பேரு பைலட்டக்கா. எனக்குப் பேரே கிடையாது. பைலட்டக்கா வீட்டுக்காரரு.

இதுல எத்தன சென்சார்? மூணா? நல்லது. ஒண்ணு தப்பாச் சொன்னா மத்த ரெண்டும் சேந்து அத ஒதுக்கி வச்சிடும், இல்ல? வீட்டுல அப்படி மூணு பேர் இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும். எங்க வீட்டுல ரெண்டே பேரு. யார் சொல்றது தப்புன்னு பாக்க மூணாவதா ஒரு ஆள் இல்ல.

சரி, ஒண்ணு கேக்கணும். இது பறக்குறப்ப பதிவு எழுதுமா? அதாண்ணே, மெமரி கார்டுல. ஓட்டுறவங்க கை என்ன சொல்லுச்சு, மெஷின் என்ன செஞ்சுச்சுன்னு ரெண்டு கோடா எழுதி வைக்குமே. எழுதும். ம். அத நிறுத்த முடியுமா? இல்ல, எழுதாத போர்டே வேற ஏதாவது இருக்கா உங்ககிட்ட?

சிரிக்காதீங்க. புரியுது, வர்றவங்கல்லாம் நல்லா எழுதுற போர்டு எதுன்னுதான் கேப்பாங்க. எதாச்சும் ஆச்சுன்னா அதப் பாத்துத்தானே கண்டுபிடிக்கணும். அதனாலதான் நான் எழுதாதது கேக்குறேன்.

ஒரு நிமிஷம். இல்ல, இன்னும் பேசிட்டுதான் இருக்கா.

பழசு இதோ கொண்டாந்திருக்கேன், இந்த டப்பாவுல. பாருங்க, மூலை மட்டும்தான் உடஞ்சிருக்கு. போன ஞாயித்துக்கிழம சாயங்காலம் மைதானத்துல விழுந்துச்சு. விளக்குக் கம்பத்துல மோதி, ரெண்டு கை பிஞ்சு, தலகீழா. கீழ யாரும் இல்ல, அது யார் செஞ்ச புண்ணியமோ. அவ ரிமோட்டப் பிடிச்சிக்கிட்டு அப்படியே நிக்கிறா. நான் சொன்னேன், அது கேக்கலங்கறா. இந்தப் பக்கம் தள்ளு தள்ளுன்னு சொன்னேன், அது கேக்கவே இல்லங்கறா. ஏழு வருஷமா ஓட்டுறா, ஒரு விசிறி உரசுனது கிடையாது அவ கையில. நானும் உடனே, ஆமா, போர்டு பழசாயிடுச்சு, அதான் கேக்கலன்னேன். பட்டுன்னு வந்துச்சுண்ணே வாயில. அவ்வளவு சுளுவா ஒரு பொய் வரும்னு எனக்கே தெரியாது.

கார்டா? கார்டு அதுல இல்ல. விழுந்தப்ப எங்கயோ தெறிச்சிருக்கும்னு சொல்லி வச்சிருக்கேன். அவ மறுநாள் காலைல வேலைக்குப் போறதுக்கு முன்னாடி மைதானத்துக்குப் போயி, கம்பத்தச் சுத்தி அரை மணி நேரம் புல்லுக்குள்ள தேடிட்டு வந்தா. அப்பல்லாம் அது என் சட்டப் பையில இருந்துச்சு. இப்பவும் இங்கதான் இருக்கு.

போர்டுல கோளாறு ஒண்ணும் இல்ல. நீங்க மாட்டிப் பாத்தாலும் ஜம்முனு ஓடும். கோளாறு பண்ணது நான்.

எப்படிச் சொல்றது. ஆறு மாசத்துக்கு முன்னாடி, விசிறி அதிர்வு எவ்வளவு இருக்குன்னு பாக்கறதுக்காகப் பதிவப் பிரிச்சேன். நான் காலேஜ்ல ஃபிசிக்ஸ் லேப்ல இருக்கேன், கோடு பாக்குறதுதான் பொழப்பே. மெஷினோட கோட்டுல அதிர்வு இருக்கும், அது சகஜம். ஆனா அன்னிக்குக் கையோட கோட்டுல இருந்துச்சு. அவ ரிமோட்டுக் குச்சியப் பிடிச்சிருக்கற கோடு. ரம்பப் பல்லு மாதிரி, பொடிசு பொடிசா. செகண்டுக்கு அஞ்சு தடவ. எண்ணிப் பாத்தேன், அஞ்சு. ரிமோட்டுலதான் கோளாறுன்னு நெனச்சேன். நானே பிடிச்சு ஓட்டிப் பாத்தேன். என் கோடு கோணலா இருந்துச்சு, நான் ஓட்டுற லட்சணம் அப்படி. ஆனா ரம்பம் இல்ல. போன வருஷத்துப் பதிவெல்லாம் தேடி எடுத்தேன். அதுல அவ கோடு எப்படி இருந்துச்சு தெரியுமா? நூல் பிடிச்ச மாதிரி.

அப்ப சொல்லிருக்கணும். எல்லாரும் அதத்தான் சொல்வாங்க, நீங்களும் அதான் சொல்றீங்க. நான் என்ன செஞ்சேன்னா, போர்டுக்குள்ள போயி ஒரு அளவ மாத்துனேன். குச்சி கொஞ்சூண்டு அசஞ்சா கண்டுக்காதன்னு வைக்கலாமே, அது. கொஞ்சமா வச்சேன். ட்ரோன் பழைய மாதிரி ஆடாம அசையாம நின்னுச்சு. அவளும் பாத்துட்டு, இன்னிக்கு எவ்வளவு சொன்னபடி கேக்குது பாருன்னா. ரெண்டு மாசம் போச்சு, கோடு இன்னும் கொஞ்சம் ஆடுச்சு. நானும் இன்னும் கொஞ்சம் ஏத்துனேன். அவ கிட்ட சொல்லல. அவளும் ஒண்ணும் சொல்லல. காபிய மட்டும் அரை கப்தான் ஊத்திக்கிறா இப்பல்லாம். ஏன்னு நான் கேக்கல, நான் ஏன் கேக்கலன்னு அவளும் கேக்கல. அப்படியே ஓடிட்டிருக்கு வண்டி.

ஞாயித்துக்கிழம காத்து லேசாத் தள்ளுச்சு. கம்பத்துப் பக்கமா. அவ எப்பவும் முரட்டுத்தனமாத் தள்ளவே மாட்டா, அவ பழக்கம் அப்படி. ஒரு மயிரிழ, அவ்வளவுதான் தள்ளுவா. தள்ளிருக்கா. சரியான நேரத்துல, சரியான பக்கமாத் தள்ளிருக்கா, கோட்டுல அச்சடிச்ச மாதிரி இருக்கு. போர்டு அத நடுக்கம்னு நெனச்சு தூக்கிப் போட்டுருச்சு. நான்தானே அப்படிச் சொல்லி வச்சிருந்தேன். அவ மறுபடி வேகமாத் தள்றதுக்குள்ள விசிறி கம்பத்தத் தொட்டுருச்சு. அவ சொன்னது சத்தியம்ண்ணே. அவ சொன்னா, அது கேக்கல.

அதான் எழுதாத போர்டு கேட்டேன். அவ இன்னிக்கு வர்றதே அதுக்குத்தான். நல்லா எழுதுறதா வாங்கணும், ஏன் கேக்கலன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்னு நாலு நாளா சொல்லிட்டிருக்கா. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, பழைய போர்டுதான் கெட்டுப் போச்சுன்னு, உங்க வாயால சொன்னா அவ நம்பிடுவான்னு கேக்கத்தான் முன்னாடியே இறங்கி ஓடி வந்தேன். மூணு சென்சாரு, ஏழு கிலோன்னு கத அளந்துட்டு நின்னதெல்லாம் அதக் கேக்க வாய் வராமத்தான்.

ஒரு நடுக்கத்துக்கா இவ்வளவுன்னு நீங்க நெனைப்பீங்க. எனக்கு நடுங்குனா ஒண்ணுமில்லதான். லேப்ல தெர்மாமீட்டர் ஒண்ணு உடையும். உங்களுக்கு நடுங்குனாக்கூட ஒட்டுற இடத்துல ஈயம் கொஞ்சம் வழியும், சுரண்டிட்டு மறுபடி வப்பீங்க.

போன வச்சிட்டா. பைய எடுக்குறா.

அவ அவ்வளவு நேரம் என்ன பேசிட்டிருந்தான்னு நெனைக்கிறீங்க? நாளைக்கு லிஸ்ட்டு சொல்றாங்க ஆஸ்பத்திரிலேந்து. காலைல எட்டு மணிக்கு ஆரம்பம், அஞ்சு பேரு. கண் டாக்டருண்ணே அவ. ஆபரேஷன் பண்ற டாக்டரு. கண்ணுக்குள்ள கத்தி வைக்கிறப்ப கொஞ்சம் நடுங்குனா கண்டுக்காதன்னு யாருகிட்ட போயி அளவ மாத்தி வைக்கிறது.

இந்தாங்க, பிடிங்க. கார்டு. உங்க பெரிய ஸ்க்ரீன்ல போடுங்க, நீலக் கோட்ட, அதான் அவ கையோட கோட்ட, மட்டும் பெருசாக்கி வைங்க. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். எந்தக் கோடு எதுன்னு அவளுக்குத் தெரியும், எனக்கே அவதான் சொல்லிக் குடுத்தா. மாத்தி வச்சது நான்னு நானே சொல்லிடுறேன்.

அந்தக் கறுப்புப் பெட்டிய உள்ள எடுத்து வைங்க, இன்னிக்கு எதுவும் வாங்கல. அப்புறம் அந்த ஸ்டூல இப்படித் தள்ளிப் போடுங்கண்ணே. நான் போயி கதவத் திறந்து விடுறேன், கையில பை வச்சிருக்கா.