பத்தொன்பது ஒன்று

ராஜாக்கமங்கலம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவள் தன் நாத்தனாரிடம் சொன்னாள்:

“உங்க அண்ணனுக்க கல்லறையில ஒரு ஒண்ணு குறைஞ்சு போச்சு மக்கா.”

“என்ன ஒண்ணு மைனி?”

“பத்தொம்பது ஒண்ணை வரிசையா எழுதுனா வருத நம்பரு. ஒண்ணையும் அதையும் தவிர வேற எதுவும் அதை மீதியில்லாம வகுக்காதாம். பேருக்குக் கீழ அதை வெட்டணும்னு ஆசுபத்திரியில கெடக்கும்போ கேட்டாரு.”

“வெட்டியாச்சுல்லா?”

“பதினெட்டுதான் இருக்கு. வேத வசனத்தை நாலு மட்டம் சரிபாத்தேன், இதை எண்ணிப் பாக்கல. இப்ப மூணு வகுக்கும், ஏழு வகுக்கும், பதினொண்ணும் வகுக்கும். அவரு உயிரோட இருக்கும்போ இந்த நம்பரைப் பத்திப் பேச வந்தா, ‘போயி மீன் வாங்கிட்டு வாரும்’னு வெரட்டுவேன்.”

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது.

“கடைசியில ஒரு ஒண்ணு சேக்க எடம் இல்லியா மைனி?”

“எடம் கெடக்கு. ஒத்த ஒண்ணுக்காக கல்லு வெட்டுதவரு வரமாட்டேங்காரு.”

மூத்தவள் இளையவள் பக்கம் திரும்பினாள்.

“அதே கல்லுல எனக்க பேருக்கும் எடம் விட்டிருக்குல்லா. அதை வெட்ட வரும்போ இந்த ஒண்ணையும் சேத்து வெட்டச் சொல்லு. நீ பக்கத்துல நின்னு எண்ணணும், கேட்டியா?”