கசக்காத கொயினா

ஜப்பான்காரன் காலம். காஜா பெராங் சாலையோரத்தில் கரி எரித்து ஓடும் பஸ்ஸுக்காகக் காத்திருந்தோம். எனக்கு முன்னால் இரண்டு பிள்ளைகளோடு நின்ற இளம் தாய், பக்கத்தில் நின்ற பெரியவளிடம் பெருமையாகச் சொன்னாள்:

"காய்ச்சல் வராம இருக்க கொயினா மாத்திரை குடுத்தேங்க்கா. ரெண்டு பிள்ளைங்களும் அழாமச் சப்பித் தின்னுட்டாங்க."

"சப்பியா? எங்க, அந்த மாத்திரையக் காட்டு."

பெரியவள் அதை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"கசக்கவே இல்லியே. இது மரவள்ளி மாவும்மா. யாருகிட்ட வாங்கின?"

"பாசார்ல. கல்யாணச் சேலையக் குடுத்து வாங்கினேன்."

"நீ போற ரப்பர் தோட்டமே காய்ச்சல்ல கெடக்கு. பிள்ளைங்களோட போகாத."

"அவங்கப்பா அங்க தனியாக் கெடக்குறாருக்கா. இதுங்கள யாருகிட்ட விட்டுட்டுப் போவேன்?"

பஸ் வந்து நின்றது. பெரியவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே இருந்தது ஒரே ஒரு மாத்திரை.

"அப்ப உங்களுக்குக்கா?"

பெரியவள் மாத்திரையைப் பல்லால் கடித்து இரண்டாக்கி, பிள்ளைகளின் வாயில் ஆளுக்கொரு துண்டு வைத்தாள்.

இரண்டும் முகம் கோணி, வீறிட்டு அழுதன. அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் தாய் பஸ் படியில் கால் வைத்தாள்.