குறுக்குக்கோட்டில் ஒரு முதுகு

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் காலைப் பேருந்து. எனக்கு முன்சீட்டில் இரண்டு பெரியவர்கள். ஒருவர் மடியில் திருப்புளிகள் துருத்திய பை.

பக்கத்திலிருந்தவர் கேட்டார்: “மியூசியத்துல சும்மா நிக்கப்போற பட்டாளத்துத் துப்பாக்கி. அதுல பழைய தொலைநோக்கிய மாட்ட ரெண்டு நாளா வே?”

“மாட்டியாச்சு. குழலும் அதுவும் ஒரே எடத்தப் பாக்கணும்லா? தூரத்துத் தண்ணித்தொட்டிய அடையாளமா வச்சேன். கண்ணாடியில பாத்தா, குறிபாக்குற குறுக்குக்கோட்டுல வெள்ளையடிக்க ஏறினவன் முதுகு.”

“துப்பாக்கியில குண்டுதான் இல்லையே?”

“குண்டத் தள்ளிச் சுட வைக்கிற போல்ட்டயே கழத்தித்தான் வச்சிருக்கேன். இருந்தாலும் அவன் எறங்குற வரைக்கும் குறியச் சரிபண்ணுற திருகாணியத் தொடல.”

“பொறவு?”

“பொறவு அதே எடத்துல ஒரு கொக்கு வந்து உக்காந்துச்சு.”

கேட்டவர் சிரிக்கவில்லை. “அதுக்குமா காத்திருந்தீரு?”

“இருட்டிட்டு வே. அதான் இன்னைக்கும் போறேன்.”