ஓரம் அடிக்காத ஜன்னல்

— ஜன்னல் வெக்கிறீங்க, சரி டாக்டரம்மா. வெட்டின எடத்துக்கு ஓரம் அடிக்க மாட்டோம்னா இன்னா நாயம்? பாண்டி பஜார்ல முப்பது வருசமா ஜாக்கெட் தெக்கிறேன். இப்பிடிக் குடுத்தா மூஞ்சில வீசிட்டுப் போவாங்க.

— ஷரீஃப் பாய், இது ஜாக்கெட் இல்ல. உங்க சம்சாரம் சகினாவோட இதயத்தைச் சுத்தி இருக்கிற பை. தைச்சு மூடினா மறுபடி தண்ணி கட்டும். திறந்து விட்டாத்தான் வடியும்.

— நான் ஒப்பாம அவ மேல கத்தி வெக்கக் கூடாது, சொல்லிட்டேன். பையின்னா எத்தினி மடிப்பு?

— வெளியில முரட்டு உறை. உள்ள வழவழன்னு ரெண்டு படலம். ஒண்ணு உறையோட ஒட்டியிருக்கும், ஒண்ணு இதயத்தோட. நடுவுல நாலஞ்சு ஸ்பூன் தண்ணி, உரசாம இருக்க.

— அப்ப லைனிங் குடுத்துத் தெச்சிக்கீது! மெஷினுக்கு எண்ணெய் வுடுறாப்ல தண்ணி வேற. ஆண்டவன் நல்ல டெய்லர்தான். உள்ள கொஞ்சம் துணி வுட்டுத் தெச்சிக்க வாணாமா? பிரிச்சி வுட்டிருக்கலாம்ல?

— விடலையே. அந்த உறை சட்டுனு நீளாது. அரை லிட்டர் சேர்ந்ததும் இதயம் விரிய இடமில்லாமப் போச்சு. அதான் படுத்தா மூச்சு முட்டுது. டீ ஆறுது, குடிங்க.

— மயிலாப்பூர்ல எல்லா ஆஸ்பத்திரி கேன்டீன் டீயும் வெந்நியாட்டந்தான் இருக்குமா? ஊசி போட்டு உறிஞ்சினா ஆவாதா?

— போன மாசம் உறிஞ்சினோம். திரும்ப ஊறிடுச்சு.

— எவ்ளோ வெட்டு?

— ஒண்ணரை இஞ்ச்.

— ஒண்ணு.

— பாய், இதுல பேரமா?

— பட்டன் வாங்கவே பேரம் பேசுறவன் நானு. இதுக்குப் பேசாம இருப்பனா? ஒண்ணேகால், கடைசி.

— சரி, முடிஞ்சவரைக்கும் சின்னதா.

— பை ஓட்டையானா இதயம் கயண்டு வுயாதா?

— விழாது. அதைப் பிடிச்சு வைக்க மிச்சப் பை போதும்.

— சிரிக்காதீங்க டாக்டரம்மா. தப்பா வெட்டின துணிக்கு வேற துணி வாங்கிக் குடுத்துக்கீறேன். சகினாவுக்கு எந்தக் கடைக்குப் போவேன்?

— நான் சிரிக்கலை பாய்.

— ...சரி. குடுங்க பேப்பரை. எங்க கையெழுத்துப் போடணும்?

— ஒரு நிமிஷம், போன்... ஃப்ளோராதான் பேசுறேன்... ஆங்... அப்படியா, சந்தோஷம் டாக்டர்.

— யாரு? பேனா குடுங்கம்மா.

— பேனா வேணாம் பாய். சகினாவே காலையில கையெழுத்துப் போட்டுட்டாங்க. “வெட்டுற பேச்சை எடுங்க, மனுசன் ஒரு மணி நேரம் எழுந்திரிக்க மாட்டாரு, அதுக்குள்ள முடிச்சுடுங்க”ன்னு என்னை இங்க அனுப்பினதே அவங்கதான். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. கண்ணு முழிச்சு, “இன்னும் பேசிக்கினு கீறாரா?”ன்னு கேக்குறாங்களாம்.