குளிர் பிடித்த முதுகு

முதலில் ஒரு திருத்தம். நான் ஹஜ்ஜுக்குப் போனதில்லை. தலை நரைத்த பெண்ணைக் கண்டால் இந்த மன்சூரா ஊரில் எல்லாருக்கும் ‘ஹாஜியம்மா’தான். காய்கறிக்காரன் அப்படிக் கூப்பிட்டால் போகட்டும். நீங்கள் சட்டம் படித்து, விசாரணை அதிகாரியாக அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர். என் பெயர் இன்ஷிராஹ். நடுநிலைப் பள்ளியில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். டீச்சர் என்று கூப்பிட்டால் போதும்.

நீங்கள் எழுதி வைத்திருப்பதை வாசித்துக் காட்டினீர்கள். ‘குளிர்ந்த மருந்து உடம்பில் குளிரை ஏற்றும் என்ற பாமர நம்பிக்கையால், தம்பியின் ஊசி மருந்தை வெயிலில் வைத்துக் கெடுத்துவிட்டார். கெட்ட எண்ணம் இல்லை.’ கீழே கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம் என்கிறீர்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று வேறொருத்தி போட்டுவிட்டுப் போவாள். என்னால் முடியாது ஐயா. அதில் தப்பு இருக்கிறது. தப்பான விடைக்கு நான் வாழ்நாளில் மதிப்பெண் போட்டவள் இல்லை.

என் தம்பி வஜீஹைப் பார்த்திருக்கிறீர்கள். இப்போது இருக்கிற கோலத்தில் பார்த்திருக்கிறீர்கள். அம்மா போனபோது அவன் பால்பல் விழாத பிள்ளை. வளர்த்தது நான். எனக்கும் வரன்கள் வந்தன. ஒருவன் பல் குத்திக்கொண்டே பெண் பார்த்தான், இன்னொருவன் அவன் அம்மா சொன்னால்தான் தண்ணீரே குடிப்பான். அந்த உப்புச்சப்பில்லாத கூட்டத்துக்குச் சமைத்துப் போடுவதைவிடத் தம்பிக்குச் செய்வது மேல் என்று இருந்துவிட்டேன். வஜீஹ் வளர்ந்து கடைத்தெருவில் போட்டோ ஸ்டூடியோ வைத்தான். அடையாள அட்டைக்கும் கல்யாணத்துக்கும் படம் எடுப்பான். “மோவாயத் தூக்குங்க, இன்னும் கொஞ்சம், அப்படியே” என்று அவன் சொல்வது வாசல்வரை கேட்கும்.

இருபத்தைந்து வயதுக்குமேல் அவனுக்கு அந்த வியாதி வந்தது. மற்றவர்களுக்கு வேலை செய்தால் முதுகு வலிக்கும். இவனுக்குப் படுத்தால் வலிக்கும். விடிகாலையில் பலகைபோல விறைத்துக் கிடப்பான். புரளவே என் கை வேண்டும். எழுந்து நாலு தெரு நடந்தால் இளகிவிடும். காபிக்கடைச் சோம்பேறிகளுக்கு இது போதாதா?

“வாய்யா வஜீஹ், காலையில தாத்தா, சாயங்காலம் மாப்பிள்ளையா? அந்த மருந்த எங்களுக்கும் சொல்லேன்!”

ஊர் வாயை மூட உலைமூடி ஏது. டாக்டர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒருவன் தசைப்பிடிப்பு என்றான், ஒருவன் கல்யாணம் பண்ணிவை என்றான். பக்கத்து வீட்டு உம்மு ஃபத்ஹி வந்து கண்ணாடிக் குவளையில் நெருப்புக் காட்டி முதுகில் கவிழ்த்தாள். முதுகில் குளிர் உட்கார்ந்திருக்கிறதாம். எங்கள் ஊரில் பாதி வியாதிக்கு அதுதான் பெயர். அவன் நடிக்கவில்லை என்று முதலில் நம்பியவள் நான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பல வருஷம் கழித்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் சரியாகச் சொன்னார். உடம்பின் காவல்படை சொந்த வீட்டையே அடிக்கிறது. முதுகெலும்பின் மூட்டுகள் வீங்குகின்றன. வீங்கி வீங்கி எலும்போடு எலும்பு ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது மறுபடி பிரியாது. “இப்பவே இந்த ஊசி வேலை செஞ்சா உங்க தம்பி நிமிர்ந்து நடப்பார். விட்டா, கூனிப்போய் அப்படியே இறுகிடும்” என்றார். இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி, தொடையில். ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். போடுவதற்கு அரைமணி முன்னால் வெளியே எடுக்கலாம். இவ்வளவுதான் விஷயம். எனக்கு ஒரே தடவையில் புரிந்தது.

முதல் மூன்று மாதம் ஒழுங்காகத்தான் வைத்தேன். சந்தேகம் வேண்டாம். மருந்து வேலை செய்தது.

ஒரு நாள் காலையில் காலுறையை எடுத்துக்கொண்டு அவன் அறைக்குப் போனேன். தினமும் மண்டியிட்டு நான்தான் மாட்டிவிடுவேன். அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தானே குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான்.

“அக்கா, பாரேன்! நானே கட்டிட்டேன். ரெண்டு காலும்!”

சின்னப் பிள்ளைபோலச் சிரித்தான். நான் மாஷா அல்லாஹ் சொன்னேன். பிடிக்கவில்லை. ஒளிப்பானேன், எனக்குப் பிடிக்கவில்லை. அந்த வாரமே நிவீனைப் பற்றிச் சொன்னான். கண்ணாடிக் கடைக்காரன் மகள், சிரித்தால் ஈறு தெரியும் நிவீன். உடம்பு தேறியதும் கல்யாணமாம். கல்யாணமானதும் அலெக்ஸாண்டிரியாவில் அவள் அண்ணன் கட்டிடத்தில் குடித்தனமாம்.

“நீயும் வந்து வந்து போலாம்க்கா” என்றான்.

வந்து வந்து போகலாம். விருந்தாளியைச் சொல்வதுபோல.

உம்மு ஃபத்ஹி அன்று கொத்தமல்லி கேட்டு வந்தாள். ஃபிரிட்ஜைத் திறந்தபோது மருந்துப் பெட்டியைப் பார்த்துவிட்டாள்.

“அடி பாவி, ஐஸ்ல கெடந்தத எடுத்தா அவனுக்குக் குத்துற? ஏற்கெனவே குளிர் புடிச்ச முதுகு. உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?”

“தொடையிலதான் போடுறது, உம்மு ஃபத்ஹி.”

“எங்க போட்டா என்ன? குளிருக்குப் போற வழி தெரியாதா? கொஞ்சம் வெயில் காட்டுடி, புண்ணியமாப் போகும்.”

முட்டாள்தான். ஆனால் முட்டாள் சொல்வதால் ஆகிற உபகாரம் புத்திசாலி சொல்வதால் ஆகாது. அவள் எதிரிலேயே பெட்டியை எடுத்து, மாடி ஜன்னல் விளிம்பில், எலுமிச்சை ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தேன். ஜூலை மாத வெயில். இரண்டு நாள் இருந்தது. ஊசி போடும் நாளுக்கு முந்தின சாயங்காலம் திரும்ப ஃபிரிட்ஜில் வைத்தேன். அதன் பிறகு வந்த ஒவ்வொரு பெட்டிக்கும் இதுவே. கோடை போனபின் வெந்நீர் பாய்லரின் மேல் தட்டு.

கொதிக்க வைக்கவில்லை. கொதித்தால் கலங்கும், வஜீஹ் கண்டுபிடித்துவிடுவான். சூடு எவ்வளவு இருந்தால் மருந்து பார்வைக்குத் தெளிவாகவும் உள்ளே செத்தும் இருக்கும் என்று யோசித்துத்தான் வைத்தேன். பாமர நம்பிக்கையால் இவ்வளவு நுணுக்கம் பார்க்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

மெத்தையையும் மாற்றினேன். டாக்டர் கெட்டியான படுக்கை, தலையணை இல்லாமல், தினமும் நீச்சல் என்று சொல்லியிருந்தார். நான் பஞ்சுமெத்தை போட்டு, கழுத்துக்கடியில் இரண்டு தலையணை கொடுத்தேன். “ஓய்வெடுடா கண்ணு, உடம்பை ஏன் அலட்டிக்கிற” என்றேன். வருகிறவர்களெல்லாம் அக்கா என்றால் இவளல்லவா அக்கா என்று மெச்சினார்கள். ஒட்டிக்கொள்ளப்போகிற எலும்பு எந்த வளைவில் கிடக்கிறதோ அந்த வளைவில்தான் ஒட்டும். இது மெச்சியவர்களுக்குத் தெரியாது.

வலி திரும்பியது. காலுறை என் கைக்குத் திரும்பியது. டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “குளிர்லதானே வெச்சீங்க?” என்று கேட்டார். “ஃபிரிட்ஜ்லதான் டாக்டர் இருக்கு” என்றேன். போய்ப் பார்த்திருந்தால் இருந்திருக்கும்.

இரண்டாம் வருஷத்தில் அவன் கழுத்து முன்னால் இறங்கி நின்றுவிட்டது. ஒரு நாள் ஸ்டூடியோவில் ஒரு போலீஸ்காரனிடம் மோவாயைத் தூக்கச் சொன்னானாம். “நீங்க மொதல்ல தூக்குங்க உஸ்தாத், அப்புறம் நான் தூக்குறேன்” என்றானாம் அவன். கடையில் எல்லாரும் சிரித்தார்களாம். வீட்டுக்கு வந்து இதை வஜீஹும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். சாப்பாட்டைத் தொடவில்லை. கண்ணிலிருந்து நீர் நேராகத் தட்டில் விழுந்தது, முகம்தான் தட்டைத் தவிர வேறெங்கும் திரும்பாதே. துடைத்துவிட்டேன், ஊட்டிவிட்டேன், மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். மறுநாள் புதுப் பெட்டி வந்தது. பாய்லர் மேல் வைத்தேன்.

நிவீன்தான் பிடித்தாள். இந்தக் கோடையில் ஒரு வெள்ளிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல், பஸ்பூஸா இனிப்போடு வந்து நின்றாள். நேராக மாடிக்குப் போய்விட்டாள்.

“இது என்ன இங்க காயுது?”

“குளிர் போகட்டும்னு வெச்சேன்.”

“ஐயோ, உங்க அறிவு இவ்வளவுதானா! இத்தன நாளா இப்படித்தானா?”

கூச்சல் போட்டாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள். வஜீஹையும் தன் அப்பா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். டாக்டர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, காது கேட்காதவளிடம் பேசுவதுபோல் நிறுத்தி நிறுத்திப் பேசினார். “அம்மா, இந்த மருந்து முட்டை வெள்ளைக்கரு மாதிரி. சூடு பட்டா மாறிடும். அப்புறம் பழையபடி ஆகாது. புரியுதா?”

முட்டை வெள்ளைக்கரு. எனக்கு. முப்பது வருஷம் ஒவ்வொரு வகுப்பிலும் ஸ்பிரிட் விளக்கு ஏற்றி முட்டையை வேகவைத்துக் காட்டியவளுக்கு. கழுதைக்குக் கற்பூர வாசனையைச் சொல்லிக்கொடுக்கிற பாவனையில் அந்த மனிதர் சொன்னாரே, அதைத்தான் என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை. அதையே நீங்களும் எழுதி நீட்டுகிறீர்கள்.

வஜீஹ் கொடுத்த வாக்குமூலத்தையும் வாசித்தீர்கள். ‘அக்காவுக்கு அந்த விவரமெல்லாம் தெரியாதுங்க. பாவம், விட்டுடுங்க.’ அவன் என் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன் ஐயா. அந்த முட்டையைத் தொட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவன். எனக்குத் தெரியும் என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் பொய் சொல்லியிருக்கிறான். ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்கத் தோன்றவும் இல்லை. நான் சொல்கிறேன். என்னை விட்டு அவனால் இருக்க முடியாது. அவ்வளவுதான்.

ஆகவே அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதுங்கள். இன்ஷிராஹ் டீச்சர் அறிந்தே செய்தாள். மருந்து என்ன செய்யும் என்று தெரியும், சூடு மருந்தை என்ன செய்யும் என்று தெரியும், மருந்தில்லாவிட்டால் அந்த முதுகு என்ன ஆகும் என்றும் தெரியும். எல்லாம் தெரிந்து, இரண்டு வருஷம், ஒரு பெட்டி விடாமல் செய்தாள். எழுத்துப்பிழை இல்லாமல் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

எழுதி முடித்ததும் நிவீன் வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள். டாக்டர் வேறு ஊசி எழுதிக்கொடுத்திருக்கிறாராம், மீதி இருக்கிற மூட்டுகளையாவது காப்பாற்றலாமாம். நல்லதுதான். ஆனால் அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜின் கதவு சரியாக மூடாது, நானே பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கும் இதிலெல்லாம் கவனம் போதாது. பையனையும் பெட்டியையும் சாயங்காலத்துக்குள் என் வீட்டில் கொண்டுவந்து விடச் சொல்லுங்கள். அந்த மருந்தை எப்படிப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று இந்த ஊரில் என்னைவிட யாருக்குத் தெரியும்?